சாவி திரும்பாத காலை

சாவி உள்ளே போனது. திரும்பவில்லை.

தை மாதம். இன்னும் சரியாக விடியவில்லை. எங்கள் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடி முழுக்கப் பனி படிந்து, பால் ஊற்றிய மாதிரி இருந்தது. சேலைக்கு மேல் அவருடைய பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் எங்க ஊட்டுக்காரர். காதைச் சுற்றி மப்ளர், கழுத்துவரை போர்வை. இடது கை மட்டும் போர்வைக்கு வெளியே, மடிமேல் தனியாகக் கிடந்தது. டயாலிசிஸ் ஊசி குத்துகிற கை அது. அந்தக் கையை அவர் எப்போதும் அப்படித்தான் வைத்துக்கொள்வார், தூங்குகிற குழந்தையைப் போல.

"என்ன புள்ள, எடுக்கலையா?"

"சாவி திரும்ப மாட்டேங்குதுங்க."

"வெளிய எடுத்துட்டு மறுக்காப் போடு."

எடுத்தேன், போட்டேன். உள்ளே போகும்போதே கொஞ்சம் திணறியது. போய் உட்கார்ந்த பிறகு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ஸ்டியரிங்கை அசைத்துப் பார்த்தேன். அதுவும் பூட்டிக்கொண்டு ஒரு விரற்கடைக்கு மேல் நகரவில்லை.

வண்டி நிறுத்தியிருக்கும்போது ஸ்டியரிங் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி திரும்பினால்தான் விடும். சாவி திரும்பவில்லை என்றால் வண்டி எஞ்சின் இருக்கிற ஒரு கட்டில். அவ்வளவுதான்.

நான் ஓட்டுநரான கதை

சில வாரங்களுக்கு முன்னால் இந்தத் தொடரில் எங்கள் பிக்கப்பைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "கொல்லிமலை ரோட்டிலா ஓட்டுகிறீர்கள், பயமாக இல்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பயம்தான். ஆனால் வேறொரு பயம் அதைவிடப் பெரியதாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, வளைவைப் பற்றிய பயம் சிறுத்துப்போய்விட்டது.

அந்த வண்டி அவருடையது. குச்சிக்கிழங்கு மூட்டைகளைக் கீழே ஜவ்வரிசி மில்லுக்குக் கொண்டுபோவார். மிளகுக் காலத்தில் மிளகு, பலாக் காலத்தில் பலா. எங்கள் மலைப் பகுதியான அரியூர் நாட்டில், பக்கத்து ஊர்களில் அவர் ஹாரன் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று டாக்டர் சொன்ன பிறகு எல்லாம் மாறியது. வாரத்துக்கு இரண்டு தடவை நாமக்கல்லில் டயாலிசிஸ். பஸ்ஸில் போய் வருவார். திரும்பி வரும்போது வளைவுகளில் தலை சுற்றி, இறங்கியதும் ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, "எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுங்க" என்றேன். சிரித்தார். அப்புறம் நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்கள் தனிக் கூத்து. கிளட்சை விட்டால் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். அவர் "பிரேக், பிரேக்" என்று கத்துவார். நான் ஹாரன் அடிப்பேன். அந்தக் கதை தனியாக ஒரு வாரம் எழுதலாம்.

ஓட்டுவதைவிடக் கஷ்டம் சாப்பாடு. வாழைப்பழம் கூடாது. கிழங்கு கூடாது. பலா கூடாது. இளநீர் கூடவே கூடாது. தண்ணீர்கூட அளந்துதான். எங்கள் மலையில் எதெல்லாம் விளைகிறதோ அதெல்லாம் அவருக்கு விஷம் என்று ஆகிவிட்டது. வாழைத்தார் வெட்டி வண்டியில் ஏற்றும்போது அவர் முகத்தை நான் பார்க்க மாட்டேன்.

அந்தப் பொங்கலுக்கு மறுநாள் டயாலிசிஸுக்கு அவர் வரவில்லை. "ஒடம்பு அசதியா இருக்குது, ஒரு தடவை உட்டா ஒண்ணும் ஆகாது" என்று படுத்துவிட்டார். கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. அதன் பலன், நான் சொல்லும் இந்தக் காலையில் கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. முந்தின இரவு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினார். வாசலிலிருந்து வண்டிவரை நடந்ததற்கே மூச்சு வாங்கியது.

அதனால்தான் சாவி திரும்பாதபோது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியவில்லை.

சுத்தியலோடு வந்தவர்

பலம் கொண்டமட்டும் திருகினேன். ஏதோ இளகின மாதிரி இருந்தது. திரும்பிவிட்டது என்று நினைத்து வெளியே எடுத்துப் பார்த்தால், சாவிதான் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. பழைய சாவி. அதன் பிளாஸ்டிக் தலை எப்போதோ உடைந்து, வெறும் தகடாகத் துணி சுற்றி வைத்திருந்தோம். இன்னொரு தடவை அப்படித் திருகினால் பாதி உள்ளேயும் பாதி என் கையிலும் நின்றுவிடும். மாற்றுச் சாவி காணாமல் போய் வெகுகாலம்.

டயாலிசிஸ் சென்டர் நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, போன தடவையே வரலை. இன்னைக்கும் விட்றாதீங்க, தண்ணி நுரையீரல்ல ஏறிரும். மூச்சு வாங்குதா?"

"வாங்குதும்மா."

"எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துருங்க. கொஞ்சம் லேட்டானாலும் மெஷின் வெச்சிருக்கப் பாக்கறேன்."

முதல் பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸில் போனால் மதியம் ஆகிவிடும். அதிலும் பஸ் நிற்கிற இடம்வரை அவரால் நடக்க முடியாது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். ஒரு பிரசவ கேஸை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தது. திரும்பி ஏறி வரவேண்டும். ஊரில் இருந்த மற்ற இரண்டு வண்டிகளும் விடியுமுன்பே சந்தைக்கு இறங்கிவிட்டன.

என் சத்தம் கேட்டு அடுத்த வீட்டுச் செல்வராசு ஓடி வந்தார். எங்க ஊட்டுக்காரரின் சித்தப்பா மகன். கையில் சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர்.

"அண்ணி, நகருங்க. பூட்ட ஒடைச்சு ஒயரைச் சேத்துட்டா வண்டி ஸ்டார்ட் ஆயிரும். டிராக்டர்ல எத்தன தடவை பண்ணியிருக்கறேன்."

என் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து சொன்னார்:

"ஸ்டார்ட் ஆயிருஞ்சாமி. ஸ்டியரிங் எப்புடித் திரும்பும்? லாக் விழுந்து கெடக்குதல்லோ. மொத வளைவுலயே நேராப் பள்ளத்துக்குப் போயிரலாம்."

செல்வராசு சுத்தியலைக் கீழே வைத்தார்.

பிறகு என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, ரொம்ப சாதாரணமாக, "விடு புள்ள. வண்டியே வேண்டாங்குது. இன்னிக்கு ஊட்லயே இருந்துக்கலாம்" என்றார்.

அந்தக் குரலில் வருத்தம் இல்லை. எரிச்சலும் இல்லை. சொல்லப்போனால் ஒரு நிம்மதி இருந்தது. சாவி திரும்பாததைவிட அதுதான் என்னை உலுக்கியது. மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிற மனிதர், வீங்கிய காலோடு, "விடு" என்கிறார். பொங்கலுக்கு மறுநாள் படுத்துக்கொண்டு சொன்ன அதே குரல்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் ஜெயித்துவிடுவார் என்று தோன்றியது. முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன்.

கையில் தேங்காய் எண்ணெய் வாசம்.

உறைந்த எண்ணெய்

சாவியை மூக்கருகே கொண்டுபோனேன். அதிலும் அதே வாசம். விரலால் வழித்தால், பற்களுக்கு நடுவே வெள்ளையும் கறுப்புமாக மெழுகு மாதிரி ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, பூட்டுக்குள்ள எண்ணெய் விட்டீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நேத்து மத்தியானம்... கொஞ்சூண்டு."

அவருக்குத் தேங்காய் எண்ணெய்தான் எல்லாவற்றுக்கும் மருந்து. கதவுக் கீலுக்கு, அரிவாள் பிடிக்கு, வெடித்த குதிகாலுக்கு, மாட்டின் கழுத்துப் புண்ணுக்கு. தையல் மெஷினுக்கும் அதையே விட்டதால், நான் ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்ததுண்டு.

நான் முள்ளுக்குறிச்சியில் பிறந்தவள். மலையடிவாரம். கல்யாணமாகி மேலே வந்த முதல் மார்கழியில், தலைக்கு வைக்க எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளைக் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. யாரோ மெழுகை உருக்கி ஊற்றி விளையாடுகிறார்கள் என்று நினைத்து, கொண்டை ஊசியால் குத்திக் குத்தித் தோண்டிக்கொண்டிருந்தேன். புது மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பாட்டிலை வாங்கி அடுப்போரம் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பனிக்காலம் முழுக்க எண்ணெய் பாட்டில் அடுப்போரம்தான் குடியிருக்கும்.

மத்தியான வெயிலில் பூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போன எண்ணெய், ராத்திரிப் பனியில் கல்லாகியிருக்கிறது. உள்ளே பல வருடத் தூசி வேறு. பூட்டு கெட்டுப்போகவில்லை. உறைந்துபோயிருக்கிறது.

"செல்வராசு, வெந்நீர் போடுங்க" என்று கத்திவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

அடுப்பைப் பற்ற வைத்து, சாவியை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். பழுக்கவிடவில்லை. கை வைத்தால் சுடுகிற அளவு. அப்படியே இடுக்கியோடு வாசலுக்கு ஓட்டம். பூட்டுக்குள் சொருகினேன். உஸ் என்று கருகின தேங்காய் வாசம் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வெளியே எடுத்தால், கறுப்பாக எண்ணெய் வடிந்தது. துணியால் துடைத்தேன். மறுபடி அடுப்பு, மறுபடி ஓட்டம்.

செல்வராசு வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, பூட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒத்தடம் குடுக்கற மாதிரியே இருக்குதுங்க அண்ணி" என்றார். ஒத்தடமேதான்.

போகப் போகச் சாவி லேசாக உள்ளே போய் வந்தது. ஆனால் திருப்பினால் இன்னும் ஏதோ பிடித்தது. அழுத்தித் திருகப் பயம். முறுக்கிய சாவி அது. சூட்டில் இன்னும் இளகியிருக்குமோ என்று வேறு மனசு அடித்துக்கொண்டது.

"அப்புடியே புடி" என்றது பக்கத்து சீட்டு.

போர்வை விலகியது. அவருடைய வலது கை நீண்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது.

"லாக் மேல பாரம் உக்காந்திருக்குது. நான் அக்கட்டயும் இக்கட்டயும் ஆட்டறேன். நீ அழுத்தாத. சாவிய மெதுவாத் திருப்பிட்டே இரு. எடம் குடுக்கறப்ப அதுவே போயிரும்."

ஸ்டியரிங்கை மெல்ல ஆட்டினார். அந்தச் சின்ன வேலைக்கே அவருக்கு மூச்சு இரைத்தது. நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. நான் இரண்டு விரலால் சாவியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.

டக்.

ஸ்டியரிங் விட்டது. சாவி திரும்பியது. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்கை நான் அவ்வளவு அழகாக ஒருநாளும் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

செல்வராசு துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினார். வெந்நீர்த் துளி எல்லார் மேலும் தெறித்தது.

அணைக்கப் பயந்த எஞ்சின்

கீழே இறங்கின வழியெல்லாம் எஞ்சின் நின்றுவிடக் கூடாதே என்பதுதான் வேண்டுதல். வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நிற்பேன். ஆனால் சாவிப் பக்கம் கை போகாது. சட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற குழந்தை மாதிரி அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன்.

அவர் கண்ணை மூடியிருந்தார். எனக்குள் ஒரு கேள்வி புழுவாகக் குடைந்தது. மலையில் பிறந்து வளர்ந்தவர். தையில் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது இவருக்குத் தெரியாதா? எனக்கே காட்டிக்கொடுத்தவர் இவர்தானே? தெரிந்தேதான் ஊற்றினாரா? அந்த "விடு புள்ள"வும், அந்த நிம்மதியும்...

கேட்க வாய் வரவில்லை. வளைவுகளில் அதைக் கேட்கவும் கூடாது.

சென்டர் வாசலில் நிறுத்தியதும் நர்ஸே சக்கர நாற்காலியோடு வந்துவிட்டாள். மெஷினை வைத்திருந்தாள். எடை பார்த்துவிட்டு அவரை ஒரு முறை முறைத்தாள். "அண்ணா, இனி லீவு போட்டீங்கன்னா நானே மலைக்கு வந்து தூக்கிட்டு வருவேன்" என்றாள். ஊசி ஏறியது. குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதும்தான் என் தோள் இரண்டும் கீழே இறங்கின. அதுவரை அவற்றைத் தூக்கி வைத்திருந்தேன் என்பதே தெரியவில்லை.

வெளியே வாட்ச்மேன் நின்றிருந்தார். "ஏனுங்கம்மா, வண்டி இன்னும் ஓடிட்டே இருக்குது, ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப் பண்ணினா மறுபடி எடுக்குமான்னு தெரியலீங்க."

"அதுக்காக? சாயங்காலம் வரைக்குமா ஓடும்?"

மனசைக் கல்லாக்கிக்கொண்டு அணைத்தேன். கொஞ்சம் பொறுத்துப் பயந்து பயந்து மறுபடி போட்டேன். ஒரே திருப்பு. எடுத்துக்கொண்டது. நாமக்கல் வெயிலில் எண்ணெய்க்கு உறைய எங்கே நேரம்? நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன். வாட்ச்மேன் ஒருமாதிரி பார்த்துவிட்டு நகர்ந்து போய்விட்டார்.

அவர் சொன்ன பதில்

மதியம் வெளியே வந்தபோது முகம் வேறு முகம். மூச்சு இரைக்கவில்லை. செருப்பு நுழைந்தது. சேந்தமங்கலம் தாண்டுகிறவரை பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் கேட்டேவிட்டேன்.

"எண்ணெய் உறையும்னு தெரிஞ்சேதான் ஊத்துனீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். நான் என்ன கேட்கிறேன் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அடக் கிறுக்கி. எனக்குப் போக இஷ்டமில்லைன்னா சாவியத் தூக்கிக் கெணத்துல போட்ருப்பன். எண்ணெய் விட்டுட்டு எதுக்குப் புள்ள உக்காந்திருக்கோணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு மூணு நாளா சாவி இறுக்கமா இருந்துது. வளைவுல எங்காச்சும் ஆஃப் ஆகி, நீ எடுக்க முடியாம நிக்கப் போறியேன்னுதான் ஊத்துனேன். மத்தியானம் வெயிலு. பனி நெனப்பே வல்ல."

கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார்.

"ஆனா காலையில எடுக்கலைன்னதும் ஒரு சந்தோசம் வந்துது, பொய் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடம் லீவு உட்ட மாதிரி. ஊசி இல்ல, மெஷின் இல்லைன்னு. அப்பறம் நீ இடுக்கியில சாவியப் புடிச்சுட்டு ஓடி வர்ற, ஓடிப் போற. அந்த ஸ்வெட்டர் முழங்கால் வரைக்கும் தொங்குது. எனக்கு வெக்கமாப் போச்சு."

கியரை மாற்றினேன். வண்டி துள்ளவில்லை.

காளப்பநாயக்கன்பட்டியில்

மறுநாள் காலை மறுபடி பனி இருக்கும் என்பதால், காளப்பநாயக்கன்பட்டியில் சாவிக்கடை பாயிடம் வண்டியை நிறுத்தினேன். பூட்டுகளும் வண்டிச் சாமான்களும் விற்கிற சின்னக் கடை. பாய் பூட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"யாருங்க இதத் தாளிச்சது?"

நான் என் வீட்டுக்காரரைக் கை காட்டினேன். அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

"பூட்டுக்குச் சமையல் எண்ணெய் ஆகாதுங்க, தூசியப் புடிச்சு வெச்சுக்கும்" என்றார் பாய். "இத இப்ப பெட்ரோல் விட்டுக் கழுவிக் குடுத்தா ஓடும். ஆனா உள்ள தகடெல்லாம் தேஞ்சிருக்குது. ஒரு வருசம் வரலாம், கொஞ்சம் கூடவும் வரலாம். புது செட்டு மாட்டுனா பத்து வருசத்துக்குத் தொந்தரவு இல்ல. எப்படிம்மா பண்ணட்டும்?"

ஓட்டுகிறவள் நான் என்பதால் என்னைத்தான் கேட்டார். கழுவினாலே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"புதுசே மாட்டுங்க பாய்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஏனுங்க, வண்டிக்கே வயசாயிருச்சு. அதுக்குப் போயி..."

"வயசானா என்ன? பத்து வருசத்துக்கு நாம வந்து போக வேண்டாமா?"

பாய் புதுப் பூட்டு எடுக்க உள்ளே போனார். நான் எழுந்து தெருப்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன். மூக்கை உறிஞ்சினது அவருக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது.

"என்ன புள்ள, சளி புடிச்சிருச்சா?"

"ஆமாங்க. பனி" என்றேன்.

காளப்பநாயக்கன்பட்டி கடைவீதியில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.